கிரியேட் வீட் பாதியில் நின்றால் எங்கே பார்ப்பது

புதிய வெப் ஆப் தொடங்க ‘என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட்’ என்று தட்டினால் போதும். என்பிஎம் என்பது பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி. ப்ராஜெக்டுக்கு என்ன பெயர் என்று கேட்கும், எந்த ஃப்ரேம்வொர்க் என்று கேட்கும், ஜாவாஸ்கிரிப்டா டைப்ஸ்கிரிப்டா என்று கேட்கும். பதில் சொல்லி முடித்தால் ஃபோல்டர் தயார். நான் வார இறுதிகளில் கல்லூரி மாணவர்களுக்கு ரியாக்ட் (வெப் பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) சொல்லித்தருகிறேன். முதல் வகுப்பின் முதல் மணி நேரம் பெரும்பாலும் ரியாக்டுக்குப் போவதில்லை, இந்த ஒரு வரிக்கே போய்விடுகிறது. பத்துப் பேர் உட்கார்ந்தால் நாலு பேர் திரையில் சிவப்பு எழுத்து. அவர்களில் ஒருவராவது ‘எனக்கு இது வராது போலிருக்கிறது’ என்று முகம் வாடிப்போவார். அந்த முகங்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள். வீட் என்பது வெப் ஆப்பைக் கட்டவும் ஓட்டிப் பார்க்கவும் உதவும் கருவி. பெயர், ‘வேகமாக’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நம் ஊரில் பலர் வைட் என்கிறார்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஒன்றை முதலில் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கிரியேட் வீட் செய்யும் வேலை ரொம்பச் சின்னது. தன்னோடு கொண்டுவந்த மாதிரி ஃபைல்களை உங்கள் ஃபோல்டரில் காப்பி செய்யும், ப்ராஜெக்டின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ்.ஜேசன் ஃபைலில் பெயரை மாற்றி எழுதும், அவ்வளவுதான். இதில் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. பழுது பெரும்பாலும் அதற்கு முன்னால் நோடிலோ (ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் ஓட்டுவது) என்பிஎம்மிலோ இருக்கும், இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் இன்ஸ்டாலில் இருக்கும். அதனால் யார் வந்து ‘வேலை செய்யல சார்’ என்றாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: கேள்வி வருவதற்கு முன்பே நின்றதா, கேள்விகளுக்கு நடுவில் நின்றதா, ‘டன்’ என்று வந்த பிறகு நின்றதா?

கேள்வியே வரவில்லை

முதல் கட்டளையைத் தட்டியதும் சிலருக்குத் திரை அப்படியே நிற்கும். கொஞ்சம் மேலே பாருங்கள். ‘இந்தப் பேக்கேஜை நிறுவ வேண்டும், தொடரலாமா?’ என்று என்பிஎம் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒய் என்று போட்டுக் காத்திருக்கும். கேட்பது கிரியேட் வீட் அல்ல, என்பிஎம். கருவி இன்னும் உங்கள் கணினிக்கே வரவில்லை, அதை இறக்கத்தான் அனுமதி கேட்கிறது. என்டர் தட்டினால் போதும். இதைக் கவனிக்காமல் ஐந்து நிமிடம் காத்திருந்தவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன்.

‘அன்னோன் கமாண்ட்’ என்று வந்தால் கிரியேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளிக்குப் பதிலாகக் கோடு போட்டிருப்பீர்கள். என்பிஎம்முக்குக் ‘கிரியேட்’ ஒரு சொல், ‘வீட்’ இன்னொரு சொல். இரண்டையும் சேர்த்து அதுவே கிரியேட்-வீட் என்ற பேக்கேஜைத் தேடிக்கொள்ளும். கோடு போட்டே எழுத வேண்டுமென்றால் ‘என்பிஎக்ஸ் கிரியேட்-வீட்@லேட்டஸ்ட்’ என்று எழுதலாம். ‘என்பிஎம் இன்ஸ்டால் கிரியேட்-வீட்’ என்று போட்டவர்களுக்குப் பிழையே வராது, ப்ராஜெக்டும் வராது. கருவியை இறக்கி வைத்துவிட்டு அதை ஓட்டாமல் விட்டதுபோல.

விண்டோஸில் பவர்ஷெல் திறந்தவர்களுக்கு வரும் செய்தி வேறு. என்பிஎம்.பிஎஸ்1 என்ற ஃபைலைத் திறக்க முடியாது, இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்டத் தடை இருக்கிறது என்று நீளமாகச் சொல்லும். நோடைக் கழற்றி மறுபடி நிறுவாதீர்கள், அதில் குறையே இல்லை. பவர்ஷெல்லின் பாதுகாப்பு விதி என்பிஎம்மைத் தடுக்கிறது. உடனடி வழி, சாதாரண கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அதே வரியைத் தட்டுவது. நிரந்தர வழி, பவர்ஷெல்லில் ‘செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரண்ட்யூசர் ரிமோட்சைன்ட்’ என்று கொடுப்பது. ‘ஸ்கோப் கரண்ட்யூசர்’ என்ற பகுதியை விடாதீர்கள். அது இருந்தால் மாற்றம் உங்கள் கணக்கோடு நிற்கும், அட்மின் அனுமதியும் தேவைப்படாது. லேப் கணினியில் விதியை மாற்ற அனுமதி இல்லையென்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்தான்.

சின்டாக்ஸ் எரர், அல்லது ஏதோ ஒரு ஃபங்ஷன் இல்லை என்கிறது

இந்த ஒன்றில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் வகுப்பில் அதிக நேரம் தின்பது இதுதான். ‘எதிர்பாராத டோக்கன்’ என்று வரும், அல்லது ‘இந்தப் பெயரில் எக்ஸ்போர்ட் இல்லை’ என்று வரும். ப்ராஜெக்ட் உருவாகி, ஓட்டும்போது ‘கிரிப்டோ.ஹாஷ் ஒரு ஃபங்ஷன் அல்ல’ என்றும் வரும். படிக்கிறவர் தன் கோடில் தப்பு என்று நினைப்பார். இன்னும் ஒரு வரி கோட்கூட எழுதியிருக்க மாட்டார்!

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே, நோட் பழையது. ‘நோட் -வி’ என்று தட்டிப் பாருங்கள். வீட் 7-க்கு நோட் 20.19 அல்லது 22.12 வேண்டும், அல்லது அதற்கு மேல். 18 போதாது. நோட் 18-க்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்தும்விட்டது. கிரிப்டோ.ஹாஷ் நோடில் சேர்ந்ததே 21.7, 20.12 பதிப்புகளில்தான், 18-இல் அதைத் தேடினால் கிடைக்காது.

உபுண்டு வைத்திருப்பவர்கள் இங்கே தவறாமல் மாட்டுவார்கள். ‘ஏபிடி இன்ஸ்டால் நோட்ஜேஎஸ்’ என்று கொடுத்தால் உபுண்டு 22.04-இல் வருவது நோட் 12. 24.04-இல் வருவது 18. இரண்டும் பயன்படாது. ‘நேற்றுதான் சார் புதுசா நிறுவினேன்’ என்பார்கள், உண்மையும் அதுதான். நேற்று நிறுவியது பழைய பதிப்பு. நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் என்ற கருவி வழியாக நோட் 22-ஐ நிறுவிக்கொள்ளுங்கள், அப்புறம் எந்தப் பதிப்பு வேண்டுமோ அதற்கு ஒரு வரியில் மாறிக்கொள்ளலாம்.

புதிதாக நிறுவிய பிறகும் ‘நோட் -வி’ பழைய எண்ணையே காட்டினால் டெர்மினலை மூடித் திறங்கள். விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் அந்தச் சின்ன சன்னலை மட்டும் மூடினால் போதாது, விஎஸ் கோடையே முழுதாக மூடித் திறக்க வேண்டும். அது திறந்தபோது இருந்த பாத்தைத்தான் (கட்டளைகளை எங்கே தேடுவது என்ற பட்டியல்) உள்ளே இருக்கும் டெர்மினலுக்கும் கொடுக்கும். அதற்கும் மசியவில்லையா? கணினியில் இரண்டு நோட் இருக்கிறது. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘வேர் நோட்’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘விச் -ஏ நோட்’ என்று கேட்டால் எங்கெங்கே இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். முதலில் வருவதுதான் ஓடுகிறது.

அனுமதி இல்லை, இணைப்பு இல்லை

ஈஅக்சஸ் என்ற சொல் வந்தால் அனுமதிப் பிரச்சினை. உடனே கை, அட்மின் அதிகாரத்தோடு ஓட்டும் ‘சூடோ’வுக்குப் போகும், வேண்டாம். பல நேரங்களில் முன்பு ஒருமுறை சூடோ போட்டதால்தான் இது வருகிறது. அப்போது என்பிஎம்மின் கேஷ் ஃபோல்டருக்குள் ரூட் (அட்மின்) பெயரில் ஃபைல்கள் உட்கார்ந்துவிட்டன. இப்போது உங்கள் பெயரில் அதைத் தொட முடியவில்லை. பிழைச் செய்தியை முழுதாகப் படித்தால் என்பிஎம்மே அதைச் சொல்லி, உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும் ‘சோன்’ கட்டளையையும் எழுதிக் காட்டியிருக்கும். அதை அப்படியே காப்பி செய்து ஒருமுறை ஓட்டுங்கள். சூடோ தேவைப்படும் இடம் அது ஒன்றுதான்.

இணைப்பு அறுந்தது, நேரம் கடந்தது என்ற செய்திகளுக்கு முதலில் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் குற்றம் ஹாஸ்டல் வைஃபையிலோ அலுவலக ப்ராக்ஸியிலோ இருக்கிறது. ‘என்பிஎம் கான்ஃபிக் கெட் ப்ராக்ஸி’, ‘என்பிஎம் கான்ஃபிக் கெட் ரெஜிஸ்ட்ரி’ இரண்டையும் பாருங்கள். பழைய லேபின் ப்ராக்ஸி முகவரி இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் அதை டெலீட் செய்யுங்கள். அலுவலகத்தில் ‘தானே கையெழுத்திட்ட சான்றிதழ்’ என்று பிழை வந்தால், எஸ்எஸ்எல் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் யோசனைகள் நிறையக் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள். இறங்குவது நிஜமான பேக்கேஜ்தானா என்று பார்க்கும் காவலையே எடுத்துவிடுகிறீர்கள். ஐடி பிரிவில் நிறுவனத்தின் சான்றிதழ் ஃபைலைக் கேட்டு வாங்கி, என்பிஎம்மின் ‘சிஏஃபைல்’ அமைப்பில் அதன் பாதையைக் கொடுங்கள்.

கேள்வி வருகிறது, அம்புக்குறி நகரவில்லை

ஃப்ரேம்வொர்க் பட்டியல் தெரிகிறது, கீழ் அம்பை அழுத்தினால் நகர மாட்டேன் என்கிறது, இல்லாவிட்டால் வினோதமான குறிகள் திரையில் விழுகின்றன. விண்டோஸில் கிட் பாஷ் சன்னலில் இதை அதிகம் பார்க்கலாம். அந்தச் சன்னல் தன்னை ஒரு முழு டெர்மினலாக நோடுக்குக் காட்டிக்கொள்ளாததால் விசையின் அழுத்தம் சரியாகப் போய்ச் சேருவதில்லை. விண்டோஸ் டெர்மினலிலோ விஎஸ் கோடுக்குள்ளோ ஓட்டுங்கள், சரியாகிவிடும். டாக்கருக்குள் ஓட்டுகிறவர்கள் ‘-ஐடி’ சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

கேள்வியே வேண்டாம் என்றும் முடிக்கலாம்:

என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட் என்-கடை -- --டெம்ப்ளேட் ரியாக்ட்

நடுவில் தனியாக நிற்கும் இரட்டைக் கோட்டைக் கவனியுங்கள். ‘இதற்குப் பிறகு வருவது எனக்கல்ல, கருவிக்கு’ என்று என்பிஎம்முக்குச் சொல்வது அது. என்பிஎம் 7 முதல் இது கட்டாயம். விட்டுவிட்டால் டெம்ப்ளேட் என்ற சொல்லை என்பிஎம் தானே விழுங்கிவிடும். கருவிக்கு ஒன்றும் போகாது, ‘டெம்ப்ளேட் கொடுத்தேனே, மறுபடி ஏன் கேட்கிறது?’ என்று நீங்கள் விழிப்பீர்கள். சரியாகப் போட்டும் கேட்கிறதா, அதுவும் பவர்ஷெல்லிலா? சில பதிப்புகளில் அந்த இரட்டைக் கோட்டைப் பவர்ஷெல் தின்றுவிடுகிறது. ஒற்றை மேற்கோளுக்குள் '--' என்று போடுங்கள்.

ஃபோல்டர் காலியாக இல்லை என்கிறது

இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள், தயவுசெய்து. ஏற்கெனவே ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரையோ, இருக்கும் இடத்தையே குறிக்கும் புள்ளியையோ கொடுத்தால் மூன்று தேர்வுகள் காட்டும். ரத்து செய், இருப்பதை நீக்கிவிட்டுத் தொடர், கண்டுகொள்ளாமல் தொடர்.

‘நீக்கிவிட்டுத் தொடர்’ என்றால் நிஜமாகவே நீக்கும். ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. உள்ளே ஒரு .கிட் ஃபோல்டர் இருந்தால் அதை மட்டும் விட்டுவைக்கும், மற்றதெல்லாம் போய்விடும். போன வருடம் ஒரு மாணவி டெர்மினல் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நின்றபடி பெயருக்குப் புள்ளி கொடுத்து, இரண்டாவது தேர்வில் என்டர் தட்டிவிட்டார். ஹால் டிக்கெட், செமஸ்டர் நோட்ஸ், அண்ணன் கல்யாணப் போட்டோக்களின் ஒரு ஜிப். எல்லாம் அந்த நொடியில் போயிற்று. ஜிப்பை மட்டும் வேறொருவரிடமிருந்து திரும்ப வாங்க முடிந்தது. அன்றிலிருந்து வகுப்பில் முதலில் கற்றுத்தருவது ‘எங்கே நிற்கிறேன்’ என்று பார்ப்பதை. லினக்ஸிலும் மேக்கிலும் பவர்ஷெல்லிலும் ‘பிடபிள்யூடி’, கமாண்ட் ப்ராம்ப்டில் வெறும் ‘சிடி’.

மூன்றாவது தேர்வு பெயரைப் பார்த்தால் சாது மாதிரி தெரியும். அதுவும் முழுச் சாது இல்லை. ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் மேலே எழுதிவிடும். கிட்ஹப்பில் ரெப்போ திறந்து, ரீட்மீ எழுதி, க்ளோன் செய்து, அதற்குள் புள்ளி கொடுத்து ஓட்டுகிறவர்கள் பலர். அவர்கள் எழுதிய ரீட்மீயின் இடத்தில் டெம்ப்ளேட்டின் ரீட்மீ வந்து உட்கார்ந்திருக்கும். கிட்டில் கமிட் ஆகியிருந்தால் ‘கிட் செக்அவுட்’ போட்டு மீட்கலாம், இல்லாவிட்டால் இல்லை. என் வழக்கம் எப்போதும் ரத்துதான். புதுப் பெயரில் உருவாக்கி, வேண்டியதைக் கையால் நகர்த்திக்கொள்வேன்.

பேக்கேஜ் பெயர் செல்லாது என்கிறது

ஃபோல்டர் பெயர் ஏறக்குறைய எப்படியும் இருக்கலாம், பேக்கேஜ்.ஜேசனுக்குள் இருக்கும் பெயருக்குத்தான் விதி. பெரிய எழுத்து கூடாது, இடைவெளி கூடாது. பெயர் பொருந்தாவிட்டால் கருவி தானே ஒன்றைத் திருத்தி முன்மொழிந்து தனிக் கேள்வியாகக் கேட்கும். பெரும்பாலும் என்டர் தட்டலாம். ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் மட்டும் அந்த முன்மொழிவைப் பாருங்கள். தமிழ் எழுத்து எல்லாவற்றையும் அது கோடாக மாற்றுவதால் ‘கடை’ என்ற பெயர் வெறும் - ஆக நிற்கும். அதை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒன்று கொடுங்கள். ஃபோல்டர் ‘கடை’யாகவே இருக்கட்டும்.

பெயரில் # அல்லது ? வைக்காதீர்கள். விண்டோஸில் & கூடவே கூடாது, மேலே உள்ள ஃபோல்டர்களிலும் கூடாது. ‘ஆர்&டி’ என்ற ஃபோல்டருக்குள் உருவாக்கிவிட்டு, ஓட்டும்போது ‘வீட்.ஜேஎஸ்ஸைக் காணோம்’ என்று வந்தால் காரணம் அந்தக் குறிதான். கமாண்ட் ப்ராம்ப்ட் அதை இரண்டு கட்டளைகளைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொள்கிறது.

டன் என்று வந்தது, ஆனால் ஓடவில்லை

டன் என்பதற்குக் கீழே வழக்கமாக மூன்று வரிகள் இருக்கும். உள்ளே போ, இன்ஸ்டால் செய், ஓட்டு. அண்மைப் பதிப்புகள் ‘இப்போதே நிறுவித் தொடங்கட்டுமா?’ என்று கேட்கின்றன. ஆம் என்றால் அந்த மூன்றையும் அதுவே செய்யும், வேண்டாம் என்றால் உங்கள் வேலை.

பேக்கேஜ்.ஜேசனைக் காணோம் என்றால் ‘சிடி’ போட்டு உள்ளே போகவில்லை. ‘வீட் என்ற கட்டளை தெரியாது’ என்றால் உள்ளே போனீர்கள், இன்ஸ்டால் செய்யவில்லை. ‘டெவ் என்ற ஸ்கிரிப்ட் இல்லை’ என்றால் வேறு ஏதோ ப்ராஜெக்டின் ஃபோல்டரில் நிற்கிறீர்கள். பழைய வீடியோ பார்த்து ‘என்பிஎம் ஸ்டார்ட்’ என்று தட்டுகிறவர்களும் உண்டு. அது கிரியேட் ரியாக்ட் ஆப் காலத்துப் பழக்கம். அந்தக் கருவியை 2025 பிப்ரவரி 14 அன்று ரியாக்ட் குழுவே ஓய்வுபெறச் செய்துவிட்டது. இங்கே ‘என்பிஎம் ரன் டெவ்’.

விண்டோஸில் இன்ஸ்டால் பாதியில் ஈபெர்ம் அல்லது ஈபிசி என்று நின்றால், ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருக்கிறதா பாருங்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் பல கணினிகளில் ஒன்டிரைவுக்குள்தான் இருக்கின்றன. இறங்கும் பேக்கேஜ்கள் சேரும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் விழும்போது ஒவ்வொன்றையும் மேலே ஏற்ற ஒன்டிரைவ் பிடித்துக்கொள்ளும். சி டிரைவில் நேரடியாக ஒரு ‘ப்ராஜெக்ட்ஸ்’ ஃபோல்டர் போட்டு அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ரோல்அப்பின் ஒரு பகுதியைக் காணோம் என்கிறது

ரோல்அப் என்பது வீட் 7 தனக்குள் பயன்படுத்தும் ஒரு கருவி. பென்டிரைவ் நோய் என்று இதைச் சொல்வேன். நண்பருடைய விண்டோஸ் லேப்டாப்பில் ஓடிய ப்ராஜெக்டை நோட்_மாட்யூல்ஸோடு காப்பி செய்து லேபில் இருக்கும் லினக்ஸில் ஓட்டினால், ‘@ரோல்அப்/ரோல்அப்-லினக்ஸ்-எக்ஸ்64-ஜிஎன்யு’ இல்லை என்று பிழை வரும். நோட்_மாட்யூல்ஸுக்குள் எல்லாமே ஜாவாஸ்கிரிப்ட் அல்ல. சில பகுதிகள் அந்தந்த இயங்குதளத்துக்கென்றே தொகுத்தவை, விண்டோஸில் இறங்கியது லினக்ஸில் ஓடாது. பிழைச் செய்தியிலேயே தீர்வு எழுதியிருக்கிறது: நோட்_மாட்யூல்ஸையும் பேக்கேஜ்-லாக்.ஜேசனையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். லாக் ஃபைலையும் ஏன் நீக்க வேண்டும் என்றால், விருப்பச் சார்புகளை (ஆப்ஷனல் டிபென்டன்சி) கையாள்வதில் என்பிஎம்மில் இருக்கும் ஒரு பிழையால் அந்த ஃபைலே பழைய கணினியின் பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்கலாம். அடுத்தமுறை பென்டிரைவில் நோட்_மாட்யூல்ஸை ஏற்றாதீர்கள். காப்பியும் சட்டென்று முடியும்.

ஓடுகிறது, பக்கம் வரவில்லை

முகவரியைப் பாருங்கள். பழைய பாடங்களில் 3000 என்று இருக்கும். 2022-இல் வந்த வீட் 3-லிருந்து போர்ட் 5173. அதுவும் வேறொரு டெர்மினலில் நேற்றைய ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்தால் 5174-க்குத் தானாக நகர்ந்துவிடும். ‘மாற்றம் செய்தேன், பக்கத்தில் தெரியவில்லை’ என்பவர்களில் சிலர் பார்த்துக்கொண்டிருப்பது நேற்றைய ப்ராஜெக்டை! டெர்மினல் காட்டும் எண்ணையே சொடுக்குங்கள். இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்லை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் வெள்ளைத் திரைதான் வரும், அது சர்வர் வழியாக மட்டுமே ஓடும்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 வைத்து, ப்ராஜெக்டை சி டிரைவில் விட்டிருந்தால் சேமித்த மாற்றம் பக்கத்தில் வராது. ஃபைல் மாறிய சேதி லினக்ஸ் பக்கத்துக்குப் போவதில்லை. ப்ராஜெக்டை டபிள்யூஎஸ்எல்லின் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், இன்ஸ்டாலும் வேகமாகும்.

போனில் பார்க்க வேண்டுமென்றால் ‘என்பிஎம் ரன் டெவ் -- --ஹோஸ்ட்’. மறுபடியும் அதே இரட்டைக் கோடு. நெட்வொர்க் என்று ஒரு முகவரி கூடுதலாக வரும், போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் அது திறக்கும். திறக்காவிட்டால் விண்டோஸ் ஃபயர்வால் கேட்டபோது ‘ரத்து’ அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஃபயர்வால் அமைப்பில் நோடுக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறங்கள்.